ஆடும் இசைக்குழு: மேலைச் செவ்வியல் இசையில் உடற்றொழிலின் மறுவரவு

ஆய்வுச் சுருக்கம்

நாற்காலியில் அமர்ந்து, தாளைப் பார்த்து, நடத்துநரின் கைக்கோலுக்கு இசைந்து வாசிப்பதே மேலைச் சிம்பொனிக் குழுவின் இயல்பு என்பது பொதுவான எண்ணம். கடந்த இருபது ஆண்டுகளில் சில குழுக்கள் நாற்காலியையும் தாளையும் விடுத்து, வாசித்தபடியே நடக்கவும் திரும்பவும் கூடிப் பிரியவும் முற்பட்டுள்ளன. இம்முயற்சி புதுமையா, மறுவரவா என்பதையும், அசைவு எப்போது இசையின் உறுப்பாகிறது, எப்போது அதன்மேல் பூசிய பூச்சாகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இசை மரபு தரும் ‘உடற்றொழில்’ என்னும் சொல் ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிம்பொனிக் குழு, உடற்றொழில், நடன அமைப்பு, டெபுஸ்ஸி, லிஸ் லெர்மன், சதிர், பறையாட்டம்

முன்னுரை

2012 மே மாதம் அமெரிக்காவின் காலேஜ் பார்க் நகரில், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சிம்பொனிக் குழு குளோத் டெபுஸ்ஸியின் ‘ஒரு ஃபானின் பிற்பகலுக்கு முன்னிசை’ என்னும் படைப்பை வழங்கியது. படைப்பு புதியதன்று, 1894 டிசம்பர் 22 அன்று பாரிசில் அரங்கேறி, உலகெங்கும் குழுக்களின் நிலையான நிரலில் இடம்பெற்றுவிட்ட ஒன்று. வழங்கிய முறைதான் வேறு. மாணவர்கள் தத்தம் பகுதியை மனப்பாடம் செய்திருந்தனர். இசைத்தாளைத் தாங்கும் சட்டங்கள் மேடையில் இல்லை. வாசித்தவர்களே நகர்ந்தனர். அசைவுகளை அமைத்தவர் நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன். குழுவின் இசைப் பொறுப்பு நடத்துநர் ஜேம்ஸ் ராஸுடையது.

இந்நிகழ்வுக்குச் சரியாக ஒரு நூற்றாண்டு முன்னர், 1912 மே 29 அன்று, பாரிசின் ஷாத்லே அரங்கில் இதே இசைக்கு வாஸ்லாவ் நிஜின்ஸ்கி ஆடினார். அன்று ஆடியவர்கள் மேடைமேல் இருந்தனர்; வாசித்தவர்கள் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் இருந்தனர். காண்பதற்கு ஒரு கூட்டம், கேட்பதற்கு ஒரு கூட்டம் என்னும் இப்பிரிவினையே மேரிலாந்து மாணவர்கள் கலைக்க முயன்றது. இதை இளைஞர் விளையாட்டு என ஒதுக்கிவிட இயலாது. இசைக் கலைஞரின் உடல் இசைக்கு உரியதா, அன்றி இசை வெளிப்படுவதற்கு இடையூறா என்னும் பழைய வினா இதில் அடங்கியிருக்கிறது. தமிழ் இலக்கியமும் இவ்வினாவை நன்கு அறிந்தது.

நின்றவர் அமர்ந்த கதை

அமர்ந்து வாசிக்கும் குழு தொன்றுதொட்டு வந்ததன்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கெவாண்ட்ஹவுஸ் குழுவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வயலின் கலைஞர்கள் நின்றே வாசித்தனர்; செல்லோக்காரர்கள் கருவியின் தன்மையால் அமர்ந்தனர். மைனிங்கன் சிற்றரசின் குழுவை 1880 முதல் ஐந்தாண்டுகள் நடத்திய ஹான்ஸ் ஃபான் பியூலோ, தம் கலைஞர்களை நிற்க வைத்தது மட்டுமின்றித் தாளின்றி நினைவிலிருந்து வாசிக்கவும் பழக்கினார். 2014இல் லண்டன் பிராம்ஸ் இசைவிழாவில் நிக்கோலஸ் காலன் நடத்திய அரோரா குழு மொட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனியை நின்றபடி நினைவிலிருந்து வாசித்தபோது அது முன்னெப்போதும் காணாத துணிவாகப் பாராட்டப்பட்டது. பியூலோவின் குழுவைக் கேட்டிருந்தவர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இருந்திராது.

குழுவின் அசைவையே பொருளாக்கிய படைப்பும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. யோசஃப் ஹெய்டன் 1772இல் இயற்றிய 45ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில், கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, தம்முன் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்து, எழுந்து செல்வர். கடைசியில் ஒலியடக்கி பொருத்திய இரு வயலின்கள் மட்டும் எஞ்சும். எஸ்டர்ஹாசா மாளிகையில் அவ்வாண்டு நெடுநாள் தங்கிவிட்ட இளவரசர் நிக்கோலசுக்கு, குடும்பத்தைப் பிரிந்து வாடிய கலைஞர்களின் குறையைச் சொல்லாமல் சொல்ல ஹெய்டன் கையாண்ட வழி இது என்பது வழிவழிச் செய்தி. இங்கு எழுந்து நடப்பதே பொருள்; ஒலி குறைவது அதன் விளைவு. விண்ணப்பத்தை ஓலையில் எழுதாமல் உடலால் எழுதினர் எனலாம்.

பின்னர் இரு எதிர்த்திசைகளில் வளர்ச்சி நிகழ்ந்தது. ஒருபுறம் தனிக் கலைஞரின் உடல் காட்சிப்பொருளாயிற்று. ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் பியானோ வாசிப்பைக் கேட்ட ராபர்ட் ஷூமன், திரைக்குப் பின்னாலிருந்து அவர் வாசித்தால் அதன் கவித்துவத்தில் பெரும்பகுதி இழப்பாகிவிடும் என 1840இல் கருத்துரைத்தார். மறுபுறம் குழுவின் உடல் மறைக்கப்பட்டது. ரிச்சர்ட் வாக்னர் 1876இல் பைராய்த்தில் திறந்த நாடக அரங்கில் குழு முழுவதும் மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணுக்குப் படாத ஆழத்தில் அமர்த்தப்பட்டது. கருவியை இயக்கும் கைகால்களின் உழைப்பு தெரிந்தால் நாடக மயக்கம் கலையும் என்பது வாக்னரின் கருத்து. சிம்பொனி அரங்கில் குழு மறையவில்லை எனினும், ஒரே நிற உடை, ஒரே திசையில் இயங்கும் வில், ஒருவரும் தனித்துத் தெரியாத ஒழுங்கு ஆகியவற்றால் உடல் வேறொரு வகையில் மறைந்தது. தனித்து அசையும் உரிமை நடத்துநர் ஒருவருக்கே எஞ்சியது. மேடையில் ஓர் ஒலியும் எழுப்பாத ஒருவரே மிகுதியும் அசைகிறார் என்பது இவ்வமைப்பின் முரண்.

இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி இப்போக்கிற்கு உடன்படவில்லை. 1918இல் இயற்றிய ‘சிப்பாயின் கதை’யில் ஏழு கலைஞர்களையும் மேடையிலேயே, காண்போர் கண்ணெதிரே அமர்த்தினார். 1930களில் எழுதிய தன்வரலாற்றில், கண்மூடி இசை கேட்பதைத் தாம் வெறுப்பதாகவும், கலைஞரின் கை மெய் அசைவுகளைக் கண்டாலன்றி இசையை முழுமையாகப் பற்ற இயலாதெனவும் அவர் தெரிவித்தார். அதனுடன் ஒரு வரையறையும் இணைத்தார்: அவ்வசைவு இசை வேண்டுவதாக இருத்தல் வேண்டும், இசைக்குப் புறம்பான வழியில் கேட்போரைக் கவர்வதாக இருத்தல் ஆகாது. இக்கட்டுரையில் பின்வரும் மதிப்பீட்டிற்கு இவ்வரையறை பெரிதும் பயன்படும்.

உடற்றொழில்: குற்றமும் குணமும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணம், பாடுவோரிடம் நிகழக்கூடாதவற்றை ‘உடற்றொழிற் குற்றம்’ எனத் தொகுத்துரைக்கிறது. வயிறு குழிதல், அழுவார் போன்ற முகம் காட்டல், புருவம் ஏறுதல், தலை நடுங்குதல், கண் அசைதல், மிடறு வீங்குதல், வாய் பிளத்தல், பல் தெரிதல் என்பன அவை. வடமொழியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சங்கீத ரத்னாகரம் பாடகருக்குக் கூறும் இருபத்தைந்து குற்றங்களிலும் கழுத்தை வளைத்தல், உறுப்புகளை விரித்தல், கண்மூடிப் பாடல் ஆகியவை உள்ளன. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் இடம் இவ்விலக்கணத்திற்கு இலக்கியமாக நிற்கிறது. அவளுடைய புருவம் எழவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தோன்றவில்லை. பாடியது அவளா, வீணையே நாக்கொண்டு பாடியதா எனக் கேட்டவர்கள் மயங்கினர். உடல் இல்லாதது போன்று ஒலி மட்டும் நிற்பதே இங்குக் கலையின் எல்லையாகிறது. வாக்னரின் பள்ளத்தை நினைவூட்டும் கருத்து இது. ஆனால் பள்ளம் தோண்டாமல், பயிற்சியாலேயே உடலை மறைக்கிறாள் காந்தருவதத்தை.

இவ்விலக்கணங்கள் மிடற்றுப் பாடலுக்கு உரியவை. கருவியிசைப்போருக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் முறையாகாது. எனினும் ‘உடற்றொழில்’ என்னும் சொல்லாட்சி ஒரு நுட்பத்தைத் தருகிறது. உடலுக்கு ஒரு தொழில் உண்டு என்பதை அது முதலில் ஏற்கிறது; குற்றம் என்பது அத்தொழில் பிறழும்போது நிகழ்வது. மேலை இசையியலாளர் கலைஞரின் அசைவுகளைப் பகுக்கும் முறையுடன் இது இயைகிறது. ஒலியைப் பிறப்பிக்கும் அசைவு (வில்லை இழுத்தல், துளையை மூடுதல்), அதற்குத் துணைநிற்கும் அசைவு (மூச்செடுக்கத் தோளை உயர்த்துதல், எடையை ஒருகாலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல்), உடன் வாசிப்போர்க்கோ கேட்போர்க்கோ குறிப்புணர்த்தும் அசைவு, இசையுடன் ஒத்து நிகழினும் ஒலிக்குக் காரணமாகாத அசைவு என அவர்கள் பகுப்பர். முதல் இரண்டையும் விலக்கவே முடியாது. பின்னிரண்டைப் பற்றியதே வழக்கு.

இவற்றிடையே கோடு கிழிப்பதும் எளிதன்று. கனடாவில் மார்செலோ வாண்டர்லியும் உடன் ஆய்வாளர்களும் கிளாரினெட் கலைஞர்களை இயல்பாகவும், மிகைப்படுத்தியும், இயன்றவரை அசையாமலும் வாசிக்கச் செய்து பதிவுசெய்தனர். அசையாதிருக்க முயன்றபோதும் அசைவு முற்றும் ஒழியவில்லை. ஒலிக்குத் தேவையற்றதெனத் தோன்றும் அசைவு, வாசிப்பவரின் தாளவுணர்வோடும் மூச்சோடும் வேர்விட்டிருக்கிறது. காந்தருவதத்தை அரியவள் என்பதைச் சிந்தாமணி ஆசிரியரும் அறிந்தே பாடியிருத்தல் வேண்டும்.

கேட்போர் பக்கமிருந்தும் ஒரு சான்று உண்டு. சியா-ஜுங் சாய் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பன்னாட்டு இசைப்போட்டிகளின் இறுதிச்சுற்றுக் கலைஞர் மூவரில் வென்றவர் யாரெனக் கணிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாக் காட்சியை மட்டும் பார்த்தவர்கள் மிகுதியாகச் சரியாகக் கணித்தனர். இசைத் தொழில்முறையாளரும் இதற்கு விலக்கல்லர். ஒலியே முதன்மை எனத் தாம் நம்பியதாக அவர்களிற் பெரும்பாலோர் முன்னரே கூறியிருந்தனர். இம்முடிவை மிகைப்படுத்தல் கூடாது. இறுதிச்சுற்றை எட்டிய மூவரும் ஒலியில் ஏறத்தாழ நிகரானவர்களாகவே இருப்பர். அந்நிலையில் கண் தீர்ப்பளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் கண்ணை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காதை மட்டும் அரங்கினுள் அழைத்துச் செல்லும் கேட்போர் இல்லை என்பது உறுதியாகிறது.

ஃபான் ஏன் பொருந்தியது

லெர்மன் 1976இல் டான்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்னும் நடனக் குழுவை நிறுவியவர். நடனப் பயிற்சி இல்லாதோரையும் முதியோரையும் மேடையேற்றி, பழகாத உடலின் அசைவிலும் பொருள் உண்டு எனக் காட்டியதே அவர் பணியின் தனித்தன்மை. இசை மாணவர்களை நடனக்காரர்களாக மாற்றுவதற்கு இத்தகையவர் தேவையில்லை. அவர்களை இசைக் கலைஞர்களாகவே நகரச் செய்வதற்கு இத்தகையவரே தேவை.

தெரிந்தெடுத்த படைப்பும் இம்முயற்சிக்கு இடங்கொடுப்பது. ஸ்டெஃபான் மல்லார்மேயின் கவிதையை முன்வைத்து எழுந்த இது, 110 தாளக்கட்டங்களும் ஏறத்தாழப் பத்து நிமிடமும் கொண்டது. ஐம்பது நிமிடச் சிம்பொனியை மனப்பாடம் செய்வதோடு ஒப்பிட்டால் மாணவர்க்கு இயலக்கூடிய அளவு. குழுவின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். இதில் முரசு இல்லை, டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை. கொட்டுக் கருவியாக இடம்பெறுவது, இறுதியில் ஓரிரு முறை மெல்ல ஒலிக்கும் சிறு தாளங்கள் மட்டுமே. இடம்பெயர்க்கவொண்ணாப் பெருங்கருவிகளுள் இரண்டு ஹார்ப்புகளே எஞ்சுகின்றன.

இவற்றினும் முதன்மையானது இசையின் அகக்கட்டமைப்பு. படைப்பு ஒற்றைப் புல்லாங்குழலில் தொடங்குகிறது. துணை ஒலி ஏதுமில்லை. தொடங்கும் சுரம் கருவியின் துளைகள் அனைத்தும் ஏறக்குறையத் திறந்திருக்கப் பிறப்பது. இயல்பிலேயே மூச்சுக் கலந்து, உறுதி குறைந்து ஒலிப்பது. டெபுஸ்ஸி அந்த உறுதியின்மையை வேண்டியே தெரிந்துகொண்டார் எனலாம். அதே குழலிசை மீண்டும் மீண்டும் வருகிறது. வரும்தோறும் அதைச் சூழும் கருவிகளும் சுரக்கூட்டும் வேறாகின்றன. வளர்ச்சி, மோதல், வெற்றி என்னும் ஜெர்மானியச் சிம்பொனியின் நடை இதில் இல்லை. ஒரே உருவம் வெவ்வேறு ஒளியில் நிற்கிறது. இவ்வாறு இடம்மாறும் சூழலே இசையின் உயிர்நிலையாகும்போது, குழலை வாசிப்பவரைச் சுற்றி மற்றவர்கள் உண்மையாகவே இடம்மாறுதல் ஒலிக்குப் புறம்பான அலங்காரமாகாது. இசைத்தாளில் செங்குத்தாக எழுதப்பட்டிருப்பதை மேடையில் கிடையாக விரித்தல் ஆகும். பேத்தோவனின் 5ஆம் சிம்பொனியின் முதற்பகுதிக்கு இதே முறையைக் கையாண்டால், ஓயாமல் உந்தும் அதன் தாளம் நடப்பவர்களை அணிவகுப்பு வீரர்களாக்கிவிடும் இடருண்டு.

இக்குழு ஈராண்டுக்குப் பின், 2014இல், லெர்மனுடனேயே ஏரன் கோப்லாண்டின் ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ படைப்பையும் இவ்வாறு வழங்கியது. அது 1944இல் மார்த்தா கிரஹாமின் நடனத்துக்கென்றே இயற்றப்பட்டு வாஷிங்டனில் அரங்கேறியது. நடனத்தில் பிறந்து, நடனத்தைப் பிரிந்து இசையரங்கில் வாழ்ந்த இசைக்கு உடல் திரும்பக் கிடைத்தது என இதனைக் கொள்ளலாம். ஆயினும் ஆய்வு நோக்கில் ஃபான் முயற்சியே அரிது. நடனத்துக்கு என எழுதப்படாத இசையில் அசைவைக் காணுதல் கடினமான பணி.

தொலைவு, திசை, நினைவு

கலைஞர் நகரும்போது ஒலிக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்கிட்டே இம்முயற்சிகளை மதிப்பிட வேண்டும். இயல்பான வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி. இரு கலைஞர் 20 மீட்டர் பிரிந்து நின்றால், ஒருவரது ஒலி மற்றவரை அடைய 58 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு விரைவில் கால்தட்டு ஒன்றின் நீளம் 125 மில்லிநொடி. ஆகவே காதை நம்பி இணைய முயல்பவர் ஏறத்தாழ அரைச்சுர அளவு பின்தங்குவார். அவருடைய ஒலி திரும்பிச் செல்லும்போது பிழை இரட்டிக்கும். வழக்கமான குழு இதைக் கண்ணால் சரிசெய்கிறது. அனைவர் பார்வையும் நடத்துநரின் கைக்கோலில் குவிகிறது. நகரும் குழுவில் அப்பார்வை எப்போதும் கிடைக்காது. எனவே கலைஞர் அண்டை அயலாரின் மூச்சையும் தோளசைவையும் படிக்கக் கற்கிறார். குறிப்புணர்த்தும் அசைவு இங்கு அலங்கார நிலையிலிருந்து தேவை நிலைக்கு உயர்கிறது. மெதுவான, தாளம் நெகிழ்ந்த ஃபான் இதைத் தாங்கும். விரைந்த படைப்புகள் தாங்குவது அரிது.

திசையும் பொருட்டாகும். டிரம்பெட்டின் ஒலி வாய் நோக்கும் பக்கம் கூர்மையாகச் செல்லும். ஹார்னின் வாய் வாசிப்பவருக்குப் பின்புறம் நோக்கியிருப்பதால் கேட்போரை எட்டுவது பெரிதும் சுவரில் மோதித் திரும்பும் ஒலி. ஹார்ன் கலைஞர் மேடையில் முதுகு காட்டித் திரும்பினால், படைப்பாளர் எண்ணிய தொலைதூர மென்மை நேரடி முழக்கமாகிவிடும். நடன அமைப்பாளர் ஓர் உடலைத் திருப்பும்போது சுரத்தின் நிறத்தையும் திருப்புகிறார். இதை அறியாது அமைக்கும் அசைவு இசைத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பு.

கருவிகளுக்குள் ஏற்றத்தாழ்வும் பிறக்கிறது. புல்லாங்குழலும் வயலினும் எங்கும் செல்லும். செல்லோவின் அடிமுள் தரையை வேண்டும். தோளில் மாட்டும் வாரால் சிலர் அதை நடக்க வைக்கின்றனர், ஆனால் வில்லின் கோணம் மாறுகிறது. ஹார்ப்பும் முரசும் அசையா. அமர்ந்த குழுவில் எல்லோரும் ஒரு படியில் இருந்தனர். ஆடும் குழுவில் உலவுவோர் என்றும் நிலைத்தோர் என்றும் இரு குலங்கள் தோன்றுகின்றன. நல்ல நடன அமைப்பு நிலைத்தோரை அச்சாக்கி உலவுவோரை அவர்களைச் சுற்றி இயக்கும். மோசமான அமைப்பில் அவர்கள் மேடைப்பொருள்களாகிவிடுவர்.

நினைவு பற்றிப் பேசுவோர் சுரங்களை மனப்பாடம் செய்வதையே வியக்கின்றனர். குழுக் கலைஞர்க்கு அதனினும் கடினமானது மௌனத்தை மனப்பாடம் செய்தல். இரண்டாம் ஹார்ன் வாசிப்பவர் பலநேரம் சும்மா இருந்து நான்கு சுரம் வாசித்து மீண்டும் ஓய்பவர். தாள் இருந்தால் ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கலாம். தாளின்றி, நடந்துகொண்டே, தம் முறை வருவதை அறியவேண்டுமானால் அவர் பிறர் வாசிப்பதை முழுமையாக அறிந்திருத்தல் வேண்டும். தன் பங்கை மட்டும் கற்றவர் படைப்பு முழுவதையும் கற்றவராகிறார். அசைவின் மிகப்பெரிய பயன் பார்வையாளர்க்கு அன்று, வாசிப்பவர்க்கே எனக் கருத இது இடந்தருகிறது. மேரிலாந்து முயற்சி ஒரு கல்வி நிறுவனத்தில் நிகழ்ந்ததன் பொருத்தமும் இதுவே.

பூச்சும் உறுப்பும்

2007இல் குஸ்தாவோ டூடாமெல் நடத்திய வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளையோர் குழு, லண்டன் பிராம்ஸ் விழாவில் லெனார்டு பெர்ன்ஸ்டைனின் ‘மாம்போ’வை வாசிக்கையில் எழுந்து ஆடியது, கருவிகளைச் சுழற்றியது. அரங்கு கொண்டாடியது. ‘மாம்போ’ ஓர் ஆட்ட இசை. கலைஞர் ஒருமித்துக் கூவும் இடம் அதன் இசைத்தாளிலேயே உள்ளது. எனவே அவ்வெழுச்சி பொருத்தமே. ஆனால் அதைக் கண்டு பின்பற்றிய பல குழுக்களின் மாம்போக்களில், கருவியைச் சுழற்றும் கணம் வாசிப்பு நிற்கும் கணமாகவே அமைவதைக் காணலாம். கருவி சுழலும்போது ஒலிக்கவில்லை எனில், அவ்வசைவு இசையினுடையதன்று. இசைக்கு இடையே நிகழும் விளையாட்டு.

இதற்கு மறுமுனையில் இயற்றுநரே அசைவை எழுதிய படைப்புகள் உள்ளன. தியா மஸ்கிரேவ் 1968இல் இயற்றிய கிளாரினெட் கான்செர்ட்டோவில் தனிக் கலைஞர் குழுவினூடே நடந்து, வெவ்வேறு கருவிக் கூட்டங்களை அடைந்து, நடத்துநருக்கு எதிராக அவர்களைத் தம் பக்கம் சேர்க்கிறார். அவர் நிற்குமிடம் மாறினால் யார் அவருடன் வாசிப்பது என்பது மாறும். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹௌசன் ‘இனோரி’யில் வழிபாட்டு அசைவுகளைச் சுரங்களைப் போலவே அளந்து குழுவின் ஒலியோடு இணைத்து எழுதினார், ‘ஹார்லிகின்’ என்னும் படைப்பில் கிளாரினெட் கலைஞரே ஆடுநரும் ஆவார். இவற்றில் அசைவை நீக்கினால் படைப்பே குறைபடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது டொரொன்டோவின் டாஃபெல்மூசிக் என்னும் பரோக் இசைக்குழு. அதன் கான்ட்ராபாஸ் கலைஞர் ஆலிசன் மக்கே உருவாக்கிய ‘கலிலியோ திட்டம்’, தொலைநோக்கியின் நானூறாம் ஆண்டான 2009இல் அரங்கேறியது. விவால்டி, மாண்டெவெர்டி, லுல்லி முதலியோரின் இசையை நினைவிலிருந்து வாசித்தவாறு கலைஞர்கள் மேடையிலும் பார்வையாளரிடையேயும் உலவினர். கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் கலைஞர் என்பதால் இணைப்பு வலிந்து கொண்டதன்று. கோள்களின் சுற்றை நடப்பால் காட்டிய இடங்களில் அசைவு விளக்கப்படம் என்னும் எல்லையில் நின்றுவிடுகிறது. பரோக் ஆட்ட வடிவங்களில் எழுந்த இசையை நடந்து வாசிக்கையில், அத்தாளங்கள் எந்த அடிவைப்பிலிருந்து பிறந்தனவோ அவ்வடிவைப்புக்கே மீள்கின்றன. ஒரே நிகழ்வுக்குள் பூச்சும் உறுப்பும் அடுத்தடுத்து நிற்பதை இதில் காண்கிறோம். ஸ்ட்ராவின்ஸ்கியின் வரையறையை நிகழ்ச்சிக்கு அன்றி, ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியே பொருத்துதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அமர்த்தப்பட்ட சின்னமேளம்

மேலைக் குழு எழுந்து நடக்க முற்படும் காலத்தில், தமிழகத்தில் எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். சதிராட்டத்தின் இசைக்குழுவாகிய சின்னமேளம் நின்று வாசித்தது. நட்டுவனார் தாளத்துடனும், மிருதங்கக்காரர் கருவியை இடுப்பில் கட்டியும், முகவீணையும் துத்தியும் இசைப்போர் பின்னேயும் நின்றனர். ஆடுபவர் முன்னே வந்தால் அவர்களும் முன்னே வந்தனர். அவர் பின்வாங்கினால் அவர்களும் பின்வாங்கினர். ஆட்டத்தின் இட அமைப்பு அவர்கள் கால்களிலும் இருந்தது. 1930களில் சதிர் பரதநாட்டியமாகப் பெயரும் களமும் மாறியபோது, ருக்மிணி தேவி முதலியோர் மேற்கொண்ட மேடைச் சீர்திருத்தத்தில் குழு மேடையின் ஓரத்தில் தரையில் அமர்த்தப்பட்டது. முகவீணையின் இடத்தைப் புல்லாங்குழலும் வயலினும் பெற்றன. காட்சித் தெளிவு கூடியது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னே ஓரடித் தொலைவில் கிடைத்த மூச்சுத் தொடர்பு அறுந்தது. வழிவழி அக்கலையை வளர்த்த குலத்தாரின் உடல்கள் மேடை நடுவிலிருந்து அகன்றதும் இம்மாற்றத்தின் ஒரு கூறு. அதை ‘ஒழுங்கு’ என்னும் சொல்லால் மட்டும் குறித்துச் செல்வது வரலாற்றைக் குறைத்துரைப்பதாகும்.

அமர்த்தப்படாத மரபுகளும் உண்டு. கோயில் புறப்பாட்டில் நாகசுரமும் தவிலும் மல்லாரி வாசித்துச் சுவாமியுடன் நடக்கின்றன. நடையின் விரைவே இசையின் விரைவு. கரகாட்டத்தின் நையாண்டி மேளத்தில் தவில்காரர் ஆடுபவருக்கு எதிர்நின்று சுழல்கிறார். பறையாட்டத்தில் ஆடுபவர் வேறு, வாசிப்பவர் வேறு என்னும் பிரிவே இல்லை. இடத்தோளில் அணைத்த பறையை அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் முழக்க, அந்த முழக்கத்தின் அடைவையே கால் வைக்கிறது. கால் பிறழ்ந்தால் கை பிறழும். லெர்மன் பல மாதப் பயிற்சியால் மாணவர்க்கு ஊட்ட முயன்ற உடலறிவு இக்கலைஞர்க்குக் கலையின் முதற்பாடம்.

ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. பறையும் மல்லாரியும் நடப்பதற்கென்றே வளர்ந்தவை; அவற்றின் கருவிகள், ஒலியளவு, திறந்தவெளி அனைத்தும் நடையை ஏற்று உருவானவை. சிம்பொனியோ நான்கு சுவர்களுக்குள், அசையாத காதுகளுக்கென வளர்ந்தது. அசைவு அங்கே இரவற்பொருளாக வரும்போது ஒவ்வோர் அடிக்கும் காரணம் கேட்கப்படுகிறது. பறையிடம் அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. இசைக்கலை பற்றிய தமிழாய்வுகள் காந்தருவதத்தையின் அசையாப் புருவத்தை இலக்கணமாகப் போற்றிய அளவுக்குப் பறையரின் காலடியை இலக்கணமாகக் கண்டதில்லை. பறையாட்ட அடைவுகளைத் தாளக்குறியோடும் இடக்குறியோடும் ஒருங்கே பதியும் ஒரு முறை உருவாகுமாயின், அடவும் அடியும் எந்த மாத்திரையில் பிரிகின்றன, எங்கே ஒன்றாகின்றன என்பதை அளந்தறிய இயலும். மேலைக் குழுக்களின் நடன அமைப்பாளர்கள் இன்று தட்டுத்தடுமாறித் தேடும் அளவைகளுள் சில அதில் எழுதப்படாமலே இருக்கின்றன.